குங்குமம் வைத்த நாலு நட்டு

வேம்புலிக்குக் கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம். காட்டுப்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன்; பதினெட்டு வயதில் பட்டணத்துக்கு ஓடிப்போய் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் எண்ணெய்த்துணி பிழியச் சேர்ந்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து ஃபிட்டராகத் திரும்பி வந்தபோது, காலில் செருப்பும் பையில் சொந்தமாக ஒரு பெரிய ஸ்பேனரும் இருந்தன. அந்த ஸ்பேனரை எஞ்சின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். வண்டி தன் வியாதியைத் தன்னிடம் மட்டும் சொல்கிறது என்பது போலத் தலையை ஆட்டுவான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவன் சொன்னது தொண்ணூறு பங்கு சரியாக இருக்கும். மீதிப் பத்துப் பங்கு தப்பானால், தப்பு வண்டியுடையது, டிரைவருடையது, ரோட்டுடையது. அவனுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை.

பூந்தமல்லியில் ரோட்டோரம் மணவாளன் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைதான் அவன் வேலை பார்த்த ஷெட். மணவாளனுக்கு ஷெட்டுக்குப் பின்னால் நாலு காணி நஞ்சை உண்டு. போல்ட்டுக்கும் நட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ராகுகாலம், எமகண்டம், குளிகை மூன்றும் நிமிஷக் கணக்காகத் தெரியும். "வேலை உன்னுது, நேரம் என்னுது" என்பார். இரண்டு பேருக்கும் அந்த ஏற்பாடு ஆறு வருஷமாக ஒத்துப்போனது.

யுத்தம் வந்ததும் ஆவடி பக்கம் பொட்டல் காடெல்லாம் பட்டாளத்துக் கொட்டகைகளாக எழும்பின. கல் சுமக்க, மண் அள்ள, சுற்று வட்டாரத்துப் பெண்களை காண்ட்ராக்டர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேம்புலியின் பெண்சாதி அங்கம்மாவும் அதில் ஒரு சித்தாள். பூந்தமல்லியில் காலை ஆறு மணிக்கு ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள்.

அவர்கள் போன வண்டி ஒரு குட்டி லாரி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. பட்டாளத்து வண்டிகளைப்போல நாலு சக்கரமும் இழுக்காது. பின் சக்கரம் இரண்டும் தள்ள, முன் சக்கரம் இரண்டும் சும்மா உருளும். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்த பிறகு, கரியை மூட்டி அந்த வாயுவில் ஓட்டும்படி அதை மாற்றியிருந்தார்கள். கரி அடுப்பு பின்பக்கம். வாயுவைக் குளிரவைத்து வடிகட்டுகிற இரும்பு டிரம் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால். அந்த டிரம்மின் பாரத்தில் வண்டி மூக்கால் மண்ணை முகர்ந்துகொண்டே போயிற்று. மழைக்காலத்து வண்டித்தடத்தில் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் சட்டி இடித்து இரண்டு தரம் பிளந்துவிட்டது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காண்ட்ராக்டரின் மேஸ்திரி கன்னியப்பன் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டான்.

"முன்னாடி தூக்கிக் குடு வேம்புலி. பட்டாளத்து வண்டி மாதிரி நெஞ்ச நிமித்திகினு நிக்கணும்."

"எவ்ளோ?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

"நாலு வெரக்கடை தூக்கறேன். அதுக்கு மேல தூக்கினா அது வண்டி இல்ல, ஒட்டகம்" என்றான் வேம்புலி.

வேலை பார்க்கப் பெரிதாகத் தெரியாது. முன் அச்சின் மேல், குழியில் அதிர்ச்சியைத் தாங்குகிற கமான் பட்டை உட்கார்ந்திருக்கும். இரண்டையும் யூ போல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே நாலு விரற்கடைக் கட்டை ஒன்று கொடுத்து, நீளமான யூ போல்ட் போட்டு முடுக்கினால் வண்டி அந்த அளவு எழும்பிவிடும். இரும்புக் கட்டைக்கு வழியில்லை, இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. வேம்புலி நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டையை இழைத்துப் போட்டான். பட்டையின் நடுவில் இருக்கிற ஆணிமுனை கட்டையில் இறங்க ஒரு குழியும், கட்டையின் அடியில் இருந்து அச்சில் இறங்க ஒரு முளையும் வைத்தான். முளை அச்சின் குழியில் இருக்கும்வரை அச்சு இடம் பெயராது. பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், நாலு முனை. ஒவ்வொரு முனைக்கும் அடியில் ஒரு நட்டு. அது கழலாமல் இருக்க அதன்மேல் முட்டுக்கொடுத்து இன்னொரு செக் நட்டு.

மரம் மரம்தான், எவ்வளவு காய்ந்தாலும் பாரம் ஏறினால் மயிரிழை அமுங்கும். அமுங்கினால் நட்டு தளரும். அதனால் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முடுக்க வேண்டும். இதெல்லாம் வேம்புலிக்குத் தெரியாமலில்லை. பூஜை அன்று மத்தியானம் வண்டியைக் காலியாகக் குமணன்சாவடி வரை ஓட்டிவிட்டு வந்தான். இடது பக்கத்துச் செக் நட்டு நாலையும் கழற்றி, நட்டை முடுக்கி, செக் நட்டைத் திரும்பப் போட்டான். வலது பக்கத்துக்கு வந்தான். செக் நட்டு நாலையும் கழற்றினான். நட்டை முடுக்கினான். செக் நட்டில் சேறு ஏறியிருந்தது, கழுவிவிட்டுப் போடலாம் என்று மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டான்.

"டேய் வேம்புலி! நல்ல நேரம் முடியப்போவுது! எல்லாத்தையும் கழுவிப் பலகையில வையிடா!" என்று மணவாளன் கத்தினார்.

இனி நடந்ததுக்கு யாரைச் சொல்வது? வருஷத்துக்கு ஒருநாள் ஷெட்டில் உள்ள இரும்பெல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிற நாள். அவன் அவசர அவசரமாக அத்தனை சாமானையும் அந்தத் தகரத்தில் முக்கினான்; துணியால் துடைத்தான்; படத்துக்கு முன்னால் பலகையில் வரிசை கட்டினான். ஸ்பேனர், சுத்தியல், உளி, ஜாக்கி. கைக்கு வந்ததெல்லாம் பலகைக்குப் போயிற்று. மணவாளன் சந்தனம் குழைத்தார், வேம்புலி குங்குமம் வைத்தான். லாரியின் பானெட்டுக்கும் மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். பொரியும் கடலையும் தின்றுவிட்டு அவன் நிறைந்த மனசோடு வீட்டுக்குப் போனான்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இது எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம். மணவாளன் ஷெட்டில் அது சட்டம். காண்ட்ராக்டர் வேலைக்குப் போகிற வண்டிக்கு மட்டும் விலக்கு.

இரவெல்லாம் மழை. விடியற்காலையில் அங்கம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

"நான் இன்னிக்குப் போவல. கூவத்துல தண்ணி வந்திருக்கும். பருத்திப்பட்டு தரைப்பாலம் முயுகிப் போயிருக்கும்."

"முயுகினா இன்னா? வண்டிய நாலு வெரக்கடை தூக்கி வெச்சிருக்கேன். உன் கால்ல தண்ணி படாது."

"எனக்கு பயமா கீதுய்யா."

"வேம்புலி தூக்கின வண்டியில வேம்புலி பொண்டாட்டியே ஏறலன்னா ஊர்ல இன்னா பேசுவாங்க? என் மானத்த வாங்கறதுக்குன்னே பேசறியா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பூந்தமல்லி வரை அவன் பத்தடி பின்னால்தான் போனான். ஷெட் வாசலில், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, இருபத்திரண்டு பெண்களோடு வண்டி புறப்பட்டபோதும் அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது வண்டியைத்தான். மூக்கு நிமிர்ந்து, ராஜா மாதிரி போயிற்று. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஷெட்டுக்குள் வந்து விளக்குத் திரியைத் தூண்டினான். பலகையில் வரிசையாகத் தன் சாமான்கள் பொட்டும் பூவுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய ஸ்பேனருக்குப் பக்கத்தில், சின்னதாக, ஒரே அளவில், பளபளவென்று நாலு நட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அழகாக வைத்திருக்கிறோமே என்றுதான் முதலில் நினைத்தான்.

பிறகுதான் எண்ணினான்.

வலது பக்கத்துச் செக் நட்டு. நாலும். இங்கே இருக்கிறது. வண்டி போய்விட்டது. வண்டியில் அங்கம்மா இருக்கிறாள். முதல் பாரம் ஏறின வண்டி, மழையில் ஊறுகிற மரக்கட்டை, வழியெல்லாம் குழி. நட்டு தளரும். தளர்ந்த நட்டைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு திருகு கழன்றுகொண்டே போகும். நட்டு விழுந்தால் முளை குழியைவிட்டு எழும்பும், அச்சு ஒரு பக்கமாகப் பின்னால் நகரும், வண்டி வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் என்றால் தரைப்பாலத்தில் ஆறு இறங்குகிற பக்கம். அவன் கை பலகையை நோக்கிப் போயிற்று.

"டேய்!"

மணவாளன் ஈர வேட்டியோடு வாசலில் நின்றார்.

"மொதலாளி, செக் நட்டு மொதலாளி. வண்டிக்குப் போட மறந்துட்டேன். பலகையில வெச்சிட்டேன்."

"மறுபூஜை ஒம்பதரைக்கு மேல. அப்புறம் எடுத்துகினு போ."

"ஒம்பதரைக்கு அது ஆத்துல கெடக்கும்! இருபத்திரண்டு பொம்பளைங்க கீறாங்க. என் பொண்டாட்டி கீறா!"

"அம்மன் பாத்துப்பா. பூஜையில வெச்சத இப்ப எடுத்தேன்னா அதான் அபசகுனம், தெரியுமாடா? எடுத்தா திரும்ப இந்த ஷெட்டுக்குள்ள கால் வெக்காத."

மணவாளன் கெட்டவரில்லை. அவர் அதை மனசார நம்பினார். பலகையைத் தொட்டால்தான் அந்தப் பெண்களுக்குக் கெடுதல் வரும் என்று நிஜமாகவே பயந்தார். அந்தப் பயத்தோடு வாதாட வேம்புலிக்கு நேரமில்லை. அவனுக்கும் உள்ளூர நடுக்கம்தான். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டான். நாலு நட்டையும் அள்ளி மடியில் கட்டினான், ஸ்பேனரை உருவினான், மணவாளனுடைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். சொன்ன சொல்லை மணவாளன் காப்பாற்றினார். வேம்புலி அப்புறம் அந்த ஷெட்டில் வேலை செய்யவில்லை. கரையான்சாவடியில் தனியாக ஒரு பந்தல் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் பிழைத்தான். அது பிறகு. அன்று அவனுக்கு ஷெட்டும் தெரியவில்லை, பிழைப்பும் தெரியவில்லை.

பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு மூன்று மைல் இருக்கும். கரி வண்டிக்கு ஓட்டம் கிடையாது. கரையான்சாவடியில் ஒருதரம் நிறுத்திக் கரியைக் கிளறிவிட்டுத்தான் போகும். அதுதான் அவனுடைய ஒரே நம்பிக்கை. கரையான்சாவடியில் வண்டி இல்லை. சாம்பல் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. இப்பதான் போச்சு, என்றார் ஒரு டீக்கடைக்காரர்.

அதற்கப்புறம் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மிதித்தான். மழை கண்ணில் அடித்தது. சேற்றில் ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் நட்டோ என்று காலை ஊன்றிப் பார்த்தான். கல், கரித்துண்டு, மறுபடி கல். ஓரிடத்தில் நிஜமாகவே நட்டு கிடந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தான். புது நட்டு, அவன் கையாலேயே எண்ணெய் பூசினது. ஒன்று போய்விட்டது. பாவி, பாவி, என்று வாய்விட்டுச் சொன்னான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியும்.

தரைப்பாலம் தெரிந்தபோது வண்டி தண்ணீருக்குள் பாதி தாண்டிப் போயிருந்தது.

கூவம் செம்மண் நிறத்தில் பாலத்தின் மேல் வழிந்தது. ஓரத்து வெள்ளைக் கற்களின் தலை மட்டும் வெளியே நின்றது. டிரைவர் துலுக்கானம் மற்ற நாளாக இருந்தால் இந்தத் தண்ணீரைக் கண்டு திரும்பியிருப்பான். இன்றைக்கு வண்டி உயரம் ஆயிற்றே! அந்தத் தைரியத்தில் இறங்கிவிட்டான். வேம்புலி கொடுத்த தைரியம்தான்.

"நிறுத்து! துலுக்கானம், நிறுத்து!"

எஞ்சின் இரைச்சலும் ஆற்று இரைச்சலும் சேர்ந்து அவன் குரலை விழுங்கின. தொட்டியில் பின்பக்கம் உட்கார்ந்திருந்த அங்கம்மா மட்டும் அவனைப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இங்கேயும் வந்து சண்டை போடுகிறானா என்று அவளுக்கு ஆத்திரம்.

சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் ஓடினான். முழங்காலைத் தொட்டு இழுத்தது தண்ணீர். இரண்டு தரம் விழுந்தான். மடியை மட்டும் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணெதிரே வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் போயிற்று. துலுக்கானம் இழுத்துத் திருப்பினான். மறுபடி வலது பக்கம் போயிற்று. வெள்ளைக் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

வேம்புலி தாவி டிரைவர் பக்கத்துப் படியில் ஏறினான். ஜன்னலுக்குள் கைவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தான்.

"நிறுத்துடா! எஞ்சினை மட்டும் அணைச்சிடாத! அணைஞ்சா இந்தத் தண்ணியில மறுபடி மூட்ட முடியாது!"

"அண்ணாத்தே! வலது பக்கமா இழுக்குது அண்ணாத்தே. தண்ணி தள்ளுதுன்னு நெனச்சேன்" என்றான் துலுக்கானம். முகம் வெளுத்திருந்தது.

"தண்ணி இல்ல. அச்சு நவுந்துகிச்சு. எல்லாரையும் எறக்கு. இடது பக்கமா எறக்கு."

உள்ளே இருந்த மேஸ்திரி கன்னியப்பன் ஏதோ கேட்க வாயெடுத்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முதல் ஆளாக இறங்கினான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். அங்கம்மா எழுந்து நின்றாள்.

"காலைல ஏறுன்னே, இப்ப எறங்குன்றியே, இன்னாய்யா வெளையாட்டு இது?"

"அங்கம்மா" என்றான் அவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒரு குரலில் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் உடனே முந்தானையை இடுப்பில் செருகினாள். "ஒர்த்தி கைய ஒர்த்தி உடாம புடிச்சிக்கங்கடி" என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும் இறக்கினாள். ஆவடிப் பக்கத்துக் கரை இருபது கஜத்தில் இருந்தது. கைகோத்துக்கொண்டு எல்லாரும் போய் ஏறினார்கள்.

வேம்புலி வலது முன் சக்கரத்துக்கு முன்னால் தண்ணீரில் உட்கார்ந்தான். குனிந்தால் கழுத்துவரை வந்தது. கையை அடியில் விட்டுத் துழாவினான். முன் போல்ட்டின் இரண்டு முனையிலும் நட்டு இல்லை. பின் போல்ட்டில் இரண்டும் இருந்தன, விரலால் திருகினால் சுற்றுகிற நிலையில். கட்டையின் முளை குழியைவிட்டு எழும்பி, அச்சு ஓர் அங்குலம் பின்னால் போயிருந்தது. இந்த இரண்டு நட்டும் விழுந்திருந்தால், என்று நினைக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அச்சை முன்னால் தள்ள வேண்டும். ஆள் தள்ளி நகராது. சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக்கொடுத்து வண்டியைப் பின்னால் எடுத்தால், சக்கரம் நிற்கும், வண்டி நகரும், அச்சு தன் இடத்துக்கு வரும்.

"கல்லு! பெரிய கல்லு ஒண்ணு வேணும்!"

கன்னியப்பன் கரையில் நின்று யாரையோ ஏவிக்கொண்டிருந்தான். அதற்குள் அங்கம்மா ஒரு கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். ஆவடியில் நாளெல்லாம் செய்கிற வேலைதானே. ஆனால் ஆவடியில் காலடியில் ஆறு ஓடாது. ஒவ்வொரு அடியாக வந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் இறக்கி, காலால் முட்டித் தள்ளி இறுக்கினாள்.

"நீ போ."

"எந்திரிக்காத, வேலையப் பாரு" என்றாள்.

"துலுக்கானம்! பின்னாடி எடு. மயிரிழை. நான் சொன்னா நிறுத்து. கிளச்சு வழுக்கி முன்னாடி வந்துதுன்னா நான் செத்தேன், தெரியுதா?"

"எனக்குக் கால் நடுங்குது அண்ணாத்தே."

"நடுங்கட்டும். எடு."

கட்டையும் அச்சும் சேருகிற இடத்தில் இடது கை விரல்களை வைத்துக்கொண்டான். வண்டி உறுமியது. சக்கரம் கல்லில் மோதி நின்றது. பட்டை முனகியது. விரலுக்கடியில் அச்சு உரசிக்கொண்டு நகர்ந்தது. கால் அங்குலம். அரை அங்குலம். எஞ்சின் திணறி அணையப்போவதுபோல் இறங்கியது. அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். துலுக்கானம் எப்படியோ பிடித்துவிட்டான். இன்னும் கொஞ்சம். டக்கென்று முளை குழியில் விழுந்தது. விரல் நுனி ஒன்று நடுவில் மாட்டி நசுங்கியது. அவன் கத்தியது வலியிலா சந்தோஷத்திலா என்று தெரியாது.

"நிறுத்து!"

மடியை அவிழ்த்தான். வழியில் எடுத்ததோடு ஐந்து நட்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மரத்துப்போன கையால், ஒவ்வொன்றாகப் புரியில் ஏற்றினான். ஒன்று கைநழுவி ஆற்றோடு போயிற்று. மீதி நாலு. முன் போல்ட்டுக்கு இரண்டு நட்டு, பின் போல்ட்டுக்கு இரண்டு செக் நட்டு. ஸ்பேனரை மாட்டி உடம்பெல்லாம் கொடுத்து முடுக்கினான். தண்ணீர் இப்போது அவன் தாடையைத் தொட்டது.

எழுந்து நின்றபோது அங்கம்மா அவன் விரலைப் பார்த்தாள். ரத்தம் மழையில் கரைந்து வழிந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நட்டு இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்ல எத்தனையோ இருந்தது. ரோட்டில் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொல்லலாம். பாதி உண்மைதான். ஷெட்டிலிருந்து போகும்போதே சத்தத்தில் தெரிந்துகொண்டேன் என்றால் ஊரே நம்பும். நாளைக்கே அது கதையாகிவிடும். வேம்புலிக்கு அந்த மாதிரி வார்த்தை தேடாமலே வரும். அன்றைக்கு வரவில்லை.

"நாந்தான். நேத்து கயட்டினேன். கயுவிட்டுப் போடலாம்னு. பூஜைப் பலகையில வெச்சிப் பொட்டு வெச்சேன். அப்பிடியே உட்டுட்டேன்."

"அந்த வண்டியிலயா என்னை ஏறச் சொன்னே?"

"ஆமா."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"இப்ப நல்லா கீதா?"

"முழுசா இல்ல. முன் போல்ட்டுக்குச் செக் நட்டு இல்ல. கரை வரைக்கும் தாங்கும்னு நெனக்கறேன். சத்தியமா சொல்ல முடியாது. நான் அந்தச் சக்கரத்து மேல ஒக்காந்து பாத்துகினே போறேன். நீ நடந்து போயிடு."

அங்கம்மா நடக்கவில்லை. மட்கார்டின் மேல் கையை ஊன்றினாள், அந்த வலது மட்கார்டின் மேலேயேதான், ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு அங்கம்மா. சொன்னா கேளு. நெசமாவே பயமா கீது எனக்கு."

"எனக்குக் காலைலதான் பயமா இருந்துது. நீ அவ்ளோ கெட்டியா சொன்னே, கேக்கக் கேக்க பயம் ஏறிச்சு. இப்ப தெரியாதுன்னு சொல்றே, பயம் இல்ல. வா, ஏறு."

அவன் ஏறினான். துலுக்கானம் வண்டியை நகர்த்தினான். இருபது கஜம். அவன் குனிந்து கட்டையையே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தாள். முன் சக்கரம் கரையின் சரிவில் ஏறியபோது கட்டை அசையவில்லை.

கரையில் ஒரே ஆரவாரம். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கன்னியப்பனுக்குப் போன குரல் திரும்பி வந்துவிட்டது.

"பாத்தீங்களாடி? வேம்புலி கை வெச்சா வண்டி கோட்டை மாதிரி! சாமி மாதிரி வந்து காப்பாத்தினான். ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு!"

அவர்கள் சந்தோஷமாகத் தொட்டியில் கைவைத்தார்கள். வேம்புலி மட்கார்டிலிருந்து குதித்து ஓடி, தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"யாரும் ஏறாதீங்க. ஆவடிக்கு நடந்தே போங்க. வண்டி மேலயும் தப்பு இல்ல, துலுக்கானம் மேலயும் தப்பு இல்ல. நட்டு போடாம அனுப்பினவன் நான். உங்க எல்லாரையும் கொல்ல இருந்தேன்."

முதலில் ஒருத்தி தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒரு கிழவி அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு நடந்தாள். கும்பிட்ட கைகளெல்லாம் கூடையை எடுத்துக்கொண்டு, அவனைத் தாண்டி, ஆவடிப் பக்கம் போயின. ஒவ்வொருத்தி போகும்போதும் அவன் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கடைசியாக அங்கம்மா கீழே இறங்கி வந்தாள். முந்தானை நுனியைக் கிழித்தாள். நடுரோட்டில், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, அவன் கையைப் பிடித்து நசுங்கின விரலைக் கட்ட ஆரம்பித்தாள்.